ஒரே யானை! இந்தப் பக்கம் காமிரா, அந்தப் பக்கம் துப்பாக்கி!

காலை ஆறு மணி.

கென்யா நாட்டில் அம்போசெலி என்ற வனவிலங்குப் பூங்கா. கூரை திறந்த மோட்டார் வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. உள்ளே பல நாட்டுக்காரர்கள். எல்லார் கையிலும் காமிரா. சில காமிராக்களின் லென்சு முழங்கை நீளம்! கை ஆடினால் படம் கெட்டுவிடும். அதனால் பயறு நிரப்பிய பையை ஜன்னல் மேல் போட்டு, அதன் மேல் லென்சைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் என்ஜினை நிறுத்துகிறார். என்ஜின் ஓடினால் வண்டி நடுங்கும். படமும் நடுங்கும்.

"அதோ!" என்கிறார், மெல்லிய குரலில்.

புழுதிக்குள் இருந்து ஓர் ஆண் யானை வருகிறது. எடை ஆறு டன். இரண்டு தந்தங்களும் வளைந்து, தரையைத் தொடுவது போல இறங்கி நிற்கின்றன. பின்னால் பனி மூடிய கிளிமஞ்சாரோ மலை. இந்த ஒரு படத்துக்காகத்தான் இத்தனை பேரும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்திருக்கிறார்கள்.

யானை வண்டிகளைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்கு நடந்து போகிறது. மோட்டார் வண்டி தன்னை ஒன்றும் செய்யாது என்று அதற்குத் தெரியும். பிறந்தது முதல் அப்படித்தான் பழகி இருக்கிறது.

பொழுது சாய்கிறது. யானை தெற்கே நடக்கிறது. சில மைல் போனால் எல்லை. அதற்கு அப்பால் தான்சானியா நாடு. வேலி கிடையாது. சோதனைச் சாவடி கிடையாது. மலை அந்த நாட்டில், தண்ணீர் இந்த நாட்டில். யானைக்கு இரண்டும் வேண்டும்.

எல்லையைத் தாண்டியதும் அந்த யானையைச் சுடலாம்.

திருட்டுத்தனமாக அல்ல. லைசென்சு வாங்கி, பணம் கட்டி, சட்டப்படியே சுடலாம்!

ஐந்து யானைகள்

2023 செப்டம்பரில் அப்படி ஒரு பெரிய ஆண் யானை சுடப்பட்டது. அடுத்த சில மாதங்களில் இன்னும் சில. 2024 தொடக்கத்துக்குள் ஐந்து யானைகள் போய்விட்டன. எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் என்டுயிமெட் பகுதியில் நடந்தவை.

கென்யாவில் பெரிய கூக்குரல் எழுந்தது. விஞ்ஞானிகள் அறிக்கை விட்டார்கள். தான்சானியா அரசாங்கத்துக்கு உலகம் முழுவதிலும் இருந்து மனுக்கள் பறந்தன.

ஐந்து யானைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

யானைக்குத் தந்தம் சாகும் வரை வளரும். வயது ஆக ஆக நீளம் கூடும். ஒரு தந்தம் மட்டும் நூறு ராத்தலுக்கு, அதாவது 45 கிலோவுக்கு மேல் இருக்கும் யானைகள் இன்று ஆப்பிரிக்கா முழுவதும் தேடினாலும் மிகச் சிலவே. பெரிய தந்தத்துக்காகவே நூறு வருஷத்துக்கு மேலாகச் சுட்டுத் தள்ளியதில், அந்த வம்சமே அருகிப் போயிற்று. மிஞ்சியவற்றில் பல அம்போசெலியைச் சுற்றி இருக்கின்றன. சுடப்பட்ட ஐந்தில் இரண்டாவது அந்த வகை என்று யானை ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

இன்னொரு காரணம், அம்போசெலி யானைகள் பெயர் ஊர் தெரிந்த யானைகள்! அமெரிக்க அம்மையார் சிந்தியா மாஸ் 1972ல் இங்கே வந்தார். ஒவ்வொரு யானையையும் படம் பிடித்தார். காதின் ஓரத்தில் உள்ள கிழிசல், ஓட்டை, நரம்பு ஆகியவை ஒரு யானைக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இராது. மனிதனுக்குக் கைரேகை போல யானைக்குக் காது. அந்தப் படங்களை வைத்து எந்த யானை, எந்தக் குடும்பம், தாய் யார், பிள்ளை யார் என்று குறித்து வைத்தார்கள். அந்த வேலை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. உலகில் வேறு எங்கும் காட்டு யானைகளுக்கு இவ்வளவு நீண்ட குடும்பக் கணக்கு இல்லை.

அப்படிப்பட்ட யானை சுடப்பட்டால், அது காட்டில் ஏதோ ஒரு மிருகம் செத்த கதை அல்ல. சுடப்பட்ட யானைகளில் சிலவற்றின் உடலை எரித்துவிட்டதாகவும் செய்தி வந்தது. உடல் எரிந்தால் காதும் எரிந்துபோகும். எந்த யானை என்று அடையாளம் காண முடியாது.

இது நடக்காமல் இருக்க ஒரு பேச்சு முன்பே இருந்தது. 1994ல் இதே எல்லையில் அம்போசெலி யானைகள் சிலவற்றை வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். அப்போதும் கூச்சல். 1995 முதல் எல்லை ஓரத்தில் யானை வேட்டை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் அந்தப் பேச்சு நின்றது. 2023ல் முறிந்தது.

பழமொழியின் கணக்கு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. இன்று ஆப்பிரிக்காவில் நடக்கும் வழக்கு முழுவதும் இந்தப் பழமொழியில் அடங்கி இருக்கிறது. இருந்தால் எவ்வளவு? இறந்தால் எவ்வளவு? அந்தப் பொன் யார் கைக்குப் போகிறது?

கென்யா ஒரு பதில் சொல்கிறது. தான்சானியா இன்னொரு பதில் சொல்கிறது.

இரண்டு நாடுகளும் தொடங்கியது ஒரே இடத்தில்தான். "சபாரி" என்றால் சுவாகிலி மொழியில் பயணம் என்றுதான் பொருள். வெள்ளைக்காரர் ஆட்சியில் அது வேட்டைப் பயணம் ஆயிற்று.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவி விட்டு இறங்கியதும் 1909ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். கூடவே மகன் கெர்மிட். பின்னால் 250 சுமை தூக்கிகள். தோலைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு! தகப்பனும் மகனுமாகச் சுட்டது 512 பிராணிகள். அதில் 17 சிங்கம், 11 யானை, 20 காண்டாமிருகம். அமெரிக்கக் காட்சிசாலைக்கு என்று சொல்லித்தான் சுட்டார்கள்.

இன்று சபாரி போகிறவர்கள் "பெரிய ஐந்தும் பார்த்தாயிற்றா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சிங்கம், யானை, காட்டெருமை, சிறுத்தை, காண்டாமிருகம். இந்தப் பட்டியலை எழுதியது காமிராக்காரர் அல்ல. நடந்து போய்ச் சுடுவதற்கு மிகவும் ஆபத்தான ஐந்து என்று வேட்டைக்காரர் போட்ட பட்டியல் அது! ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை. அழகு இல்லாததால் அல்ல. திருப்பித் தாக்காததால்!

1977ல் கென்யா அரசாங்கம் வேட்டையை அடியோடு தடை செய்தது. இனி துப்பாக்கியோடு வராதே, காமிராவோடு வா என்றது.

தடை போட்டதும் மிருகங்கள் பெருகின என்று கதை முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி முடியவில்லை. லைசென்சு வேட்டை நின்றது, திருட்டு வேட்டை நிற்கவில்லை. 1973ல் கென்யாவில் 1 லட்சத்து 67 ஆயிரம் யானைகள் இருந்தன என்று கணக்கு. 1989ல் 16 ஆயிரம்! பத்தில் ஒன்று. அந்த ஆண்டு ஜனாதிபதி டேனியல் அராப் மோய், பிடிபட்ட 12 டன் தந்தத்தைத் தீ வைத்துக் கொளுத்தினார். அதே ஆண்டு உலகத் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. அதன் பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. 2021ல் எடுத்த கணக்கின்படி கென்யாவில் 36 ஆயிரத்துச் சொச்சம் யானைகள்.

காமிராவின் சம்பாத்தியம்

உயிரோடு இருக்கும் மிருகம் எவ்வளவு சம்பாதிக்கிறது?

கென்யாவின் மசாய் மாரா காட்டுக்குள் போக 2024 முதல் வெளிநாட்டுக்காரர் கட்ட வேண்டிய கட்டணம், ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். ஏறத்தாழ 17 ஆயிரம் ரூபாய்! மற்ற ஆறு மாதம் பாதி. இது வாசல் கட்டணம் மட்டும். வண்டி, டிரைவர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் தனி.

சிங்கம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். அது புரண்டு படுப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு காசு. சுட்டால் ஒரு தடவைதான் காசு. படம் பிடித்தால் அதே சிங்கத்துக்கு இன்றும் காசு, நாளையும் காசு. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் காமிரா கட்சிதான் வெல்ல வேண்டும்.

ஆனால் கணக்குப் புத்தகம் நைரோபி நகரத்தில் இருக்கிறது. சிங்கம் மாட்டுக் கொட்டிலின் வாசலில் இருக்கிறது!

2023 மே மாதம் அம்போசெலி அருகே நடந்ததைப் பாருங்கள். மழை பொய்த்து, நாட்டையே வாட்டிய வறட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் கென்யாவில் 205 யானைகள் செத்தன என்று அரசாங்கமே சொன்னது. மசாய் மக்களின் மாடுகள் மந்தை மந்தையாக விழுந்தன. மிஞ்சிய ஆடு மாடுதான் அவர்களுக்குச் சொத்து. ஓர் இரவு ஆறு சிங்கங்கள் ஒரு குடும்பத்தின் பட்டிக்குள் புகுந்தன. பதினோரு ஆடும் ஒரு நாயும் போயின. ஊர் திரண்டது. ஆறு சிங்கமும் ஈட்டிக்கு இரையாயின. அதே வாரத்தில் லூன்கீட்டோ என்ற கிழச்சிங்கம் பசியோடு கிராமத்துக்கு வந்து ஈட்டியால் குத்துப்பட்டுச் செத்தது. வயது 19. காட்டில் ஒரு சிங்கம் அவ்வளவு நாள் வாழ்வதே அதிசயம். உலகம் முழுவதிலும் அதன் படம் வந்தது. எத்தனையோ பேர் கண்ணீர் விட்டார்கள்.

பதினோரு ஆட்டை இழந்தவனுக்காக யாரும் கண்ணீர் விட்டதாகச் செய்தி இல்லை.

இடத்தைக் கொடுத்தவன் அவன். புல்லைக் கொடுத்தவன் அவன். கென்யாவின் காட்டு மிருகங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கப் பூங்காவுக்கு வெளியே, தனியார் நிலத்திலும் கிராமத்து மேய்ச்சலிலும்தான் வாழ்கின்றன. யானை மிதித்து ஆள் இறந்தால் 50 லட்சம் ஷில்லிங் நஷ்ட ஈடு என்று 2013ல் சட்டம் போட்டார்கள். சட்டம் நல்ல சட்டம்தான். பணம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

வேட்டைக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில்தான் விரலை நீட்டுகிறார்கள். "வேட்டையைத் தடுத்தீர்களே, மிருகம் பெருகியதா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1977க்கும் 2016க்கும் இடையே கென்யாவின் மேய்ச்சல் பகுதிகளில் காட்டு மிருகங்கள் சராசரியாக 68 சதவிகிதம் குறைந்தன என்று 2016ல் ஓர் ஆராய்ச்சி கூறியது. காரணம் துப்பாக்கி மட்டும் அல்ல. வேலி, வயல், வீடு, பெருகிய ஆடு மாடு. மிருகத்தால் காசு வராதவன் நிலத்தை உழத்தான் செய்வான்.

மிரட்டிய ஜனாதிபதி

போட்ஸ்வானா நாட்டில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் யானைகள். உலகிலேயே அதிகம். அங்கே 2014ல் வேட்டையைத் தடுத்தார்கள். யானைகள் வயலுக்குள் வருகின்றன, ஆட்களை மிதிக்கின்றன என்று கிராமத்து மக்கள் முறையிட்டார்கள். 2019ல் தடையை எடுத்தார்கள்.

2024ல் ஜெர்மனி நாட்டு அரசாங்கம், வேட்டையாடிய மிருகத்தின் தலை, தந்தம் முதலியவற்றை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும் என்று பேசியது. அப்போது போட்ஸ்வானா ஜனாதிபதியாக இருந்த மசிசிக்கு வந்ததே கோபம்! 20 ஆயிரம் யானைகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறேன், எங்களுக்குப் புத்தி சொல்கிறபடி நீங்களே அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்றார். இது வேடிக்கைப் பேச்சு அல்ல என்றும் சொன்னார்.

யானை எதுவும் கப்பல் ஏறவில்லை. ஆனால் பெர்லினில் இருந்து பார்க்கும் யானை வேறு, சோளக் கொல்லையில் நின்று பார்க்கும் யானை வேறு என்பது எல்லாருக்கும் விளங்கிற்று.

தான்சானியாவின் வாதமும் இதை ஒட்டியதே. அங்கே வேட்டைக்கென ஒதுக்கிய நிலம் மிகப் பெரிது. பல இடங்களுக்குச் சரியான பாதை கிடையாது. ட்செட்சி என்ற கடிக்கும் ஈ மொய்க்கும். காமிராக்காரர் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார். ஒரே ஒரு வேட்டைக்காரர் வந்து பெரும் பணம் கட்டினால், அந்தக் காட்டைக் காக்க ஆள் வைக்கலாம். வேட்டை இல்லாவிட்டால் காடும் இராது என்கிறார்கள்.

அந்த வாதம் ஈ மொய்க்கும் தூரக் காட்டுக்குப் பொருந்தலாம். அம்போசெலி எல்லைக்குப் பொருந்துமா? அங்கே யானை பக்கத்து நாட்டில் பழகிய யானை. காமிராக்காரர்களால் வண்டிக்குப் பயம் தெளிந்த யானை. அதை நெருங்கிச் சுடுவதில் வேட்டைக்காரரின் வீரம் என்ன இருக்கிறது?

விசித்திரம் ஒன்று உண்டு. அம்போசெலி யானைகளுக்கு மனிதரிடம் பயமே இல்லை என்று எண்ணக் கூடாது. மசாய் வாலிபர் ஈட்டி எறிவார்கள் என்பது யானைக்குத் தெரியும். மசாய்க்காரர் உடுத்திய துணியின் வாசனை பட்டால் ஓட்டம் பிடிக்கும். பயிர் செய்யும் கம்பா இனத்தார் துணி என்றால் அவ்வளவு பயம் இல்லை. மசாய் ஆணின் குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பினால் மிரளும். மசாய்ப் பெண், சிறுவன் குரல் என்றால் அவ்வளவு மிரளாது. விஞ்ஞானிகள் 2007லும் 2014லும் சோதித்து எழுதியது இது. ஈட்டிக்காரனை இப்படித் தரம் பிரித்து அறியும் யானைக்கு, மோட்டாரில் வருகிறவன் கையில் இருப்பது காமிராவா துப்பாக்கியா என்று மட்டும் தெரியவில்லை.

இப்படி ஏமாந்தது யானை மட்டும் அல்ல. ஜிம்பாப்வே நாட்டில் ஹுவாங்கே பூங்காவின் சிசில் என்ற சிங்கம் சுற்றுலாக்காரர்களின் செல்லப் பிள்ளை. கழுத்தில் ஆராய்ச்சிக்காரர் மாட்டிய ரேடியோ பட்டை. 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே வந்தபோது ஓர் அமெரிக்க வேட்டைக்காரரின் அம்பு பாய்ந்து செத்தது.

காமிராவும் கொல்லும்

துப்பாக்கியைத் திட்டிவிட்டுக் காமிராவைக் கும்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

சீட்டா என்ற வேட்டைச் சிறுத்தை பகலில் வேட்டையாடும் பிராணி. அது மானைக் குறி வைத்துப் பதுங்கும் நேரத்தில் இருபது வண்டி வந்து வளைத்தால் என்ன ஆகும்? மான் ஓடிவிடும். சீட்டாவின் குட்டிகள் பட்டினி. மாரா காட்டில் கணக்கு எடுத்தார்கள். சுற்றுலா வண்டிகள் குறைந்த இடத்தில் ஒரு ஈற்றுக்குச் சராசரி 2.3 குட்டி பிழைத்து ஆளாயிற்று. வண்டிகள் நெரியும் இடத்தில் 0.2! அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரே குட்டி. 2018ல் வெளியான ஆராய்ச்சி இது. யாரும் ஒரு கல்லைக் கூட எறியவில்லை. படம்தான் பிடித்தார்கள்.

மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்ற காட்டு மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கடப்பது உலகப் பிரசித்தம். முதலை வாயைத் திறந்து காத்திருக்க, பல்லாயிரம் மாடுகள் ஆற்றில் குதிக்கும். அதைப் படம் பிடிக்க ஆற்றங்கரையில் வண்டிகள் முட்டி மோதுகின்றன. 2025 ஜூலையில் தான்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவில் சுற்றுலாக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி, ஆற்றின் கரையிலேயே கூட்டமாக நின்று மாடுகளின் வழியை மறித்தார்கள். அந்தக் காட்சியும் படமாகி உலகம் சுற்றியது. அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று படத்தில் விழுவதில்லை. சுற்றுலாப் படங்களில் மிருகம் இருக்கும், புல் இருக்கும், வானம் இருக்கும். மனிதன் இருக்கமாட்டான். அந்த வெறுமை தானாக வந்தது அல்ல. ஜெர்மானியர் பெர்ன்ஹார்டு கிர்சிமெக் தம் மகன் மைக்கேலுடன் செரெங்கெட்டியைப் படம் எடுத்தார். அது 1959ல் வெளிவந்தது. வரிக்குதிரை போல வரி தீட்டிய விமானத்தில் பறந்து மிருகங்களை எண்ணினார்கள். வேலை முடியும் முன்பே மைக்கேல் விமான விபத்தில் இறந்தார். அந்தப் படம் ஆஸ்கார் பரிசு வாங்கிற்று. செரெங்கெட்டியைக் காப்பாற்றுங்கள் என்று உலகமே குரல் கொடுத்தது. அதே 1959ல்தான், தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த மசாய் மக்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

அது பழைய கதை என்று தள்ள முடியாது. 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியோன்டோ பகுதியில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை விலங்குகளுக்கு என்று அளந்து கல் நட்டார்கள். மசாய் மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் காயம் அடைந்தார்கள். ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். காமிராவுக்கோ துப்பாக்கிக்கோ, எதற்கு நிலம் ஒதுக்கினாலும் மாட்டுக்காரன் எழுந்து போக வேண்டும் என்றால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாடகை வாங்கும் மசாய்

வேறு வழி இருக்கிறது. மாரா காட்டை ஒட்டி மசாய் மக்களுக்குச் சொந்தமான நிலங்கள் உண்டு. 2006 வாக்கில் தொடங்கி, நிலக்காரர்கள் பலர் சேர்ந்து தங்கள் நிலத்தைச் சுற்றுலா முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சிங்கம் வந்தாலும் வராவிட்டாலும் மாதா மாதம் ஏக்கர் கணக்குப்படி வாடகை. வேலி போடக் கூடாது, உழக் கூடாது. மாடு மேய்க்கலாம், முறை வைத்து மேய்க்க வேண்டும். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு. சீட்டாவுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

அம்போசெலிப் பக்கம் 2007ல் இன்னொரு யோசனை. முன்பெல்லாம் மசாய் வாலிபன் சிங்கத்தை ஈட்டியால் குத்திக் கொன்றால்தான் வீரன். அந்த வீரர்களையே சம்பளத்துக்கு வைத்தார்கள், சிங்கத்தைக் காக்க! சிங்கத்தின் தடம் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச யார் உண்டு? "இந்தப் பக்கம் சிங்கம் திரிகிறது, மாட்டை ஓட்டாதே" என்று ஊருக்குச் சொல்லி விடுவார்கள். தாம் காக்கும் சிங்கத்துக்கு மசாய்ப் பெயரும் வைப்பார்கள். 2012ல் மசாய் விளையாட்டுப் போட்டி தொடங்கியது. சிங்க வேட்டைக்குப் பதிலாக ஓட்டம், ஈட்டி எறிதல், உயரத் தாண்டுதல். அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையோடு தங்கம் வென்ற டேவிட் ருடிஷாவே ஒரு மசாய்தான். அவரே இந்தப் போட்டிக்குத் துணை நின்றார்.

இந்த ஏற்பாடுகளில் ஓட்டை இல்லையா? உண்டு. 2020ல் கொரோனா வந்தது. விமானம் நின்றது. காமிராக்காரர் ஒருவரும் வரவில்லை. பல இடங்களில் குத்தகைப் பணம் குறைந்தது. சிங்கத்தின் பசி மட்டும் குறையவில்லை. வெளிநாட்டானின் விடுமுறையை நம்பி உலை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று மசாய் மக்கள் அப்போது கண்டார்கள். இப்போது அம்போசெலியைச் சுற்றிய பொது நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பட்டாவாகிறது. ஒருவர் குத்தகைக்கு விடுவார். பக்கத்தில் இன்னொருவர் விற்றுவிடுவார். வாங்கியவர் வேலி போட்டுத் தக்காளி பயிரிடுவார். யானை நடக்கும் பாதை அந்த வேலியில் முட்டி நிற்கும்.

எல்லைக்கு அப்பால் உள்ள தான்சானியா கிராமத்துக்கும் இதே கணக்குத்தான். அந்த யானை அவர்கள் நிலத்திலும் மேய்கிறது. அம்போசெலியில் வசூலாகும் வாசல் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. வேட்டைப் பணத்தில் கொஞ்சமாவது பங்கு உண்டு. பங்கு கொடுக்காமல், சுடாதே என்று மட்டும் சொன்னால் அங்கே யார் கேட்பார்கள்? இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேச வேண்டியது யானையைப் பற்றி மட்டும் அல்ல, இந்தப் பங்கைப் பற்றியும்தான்.

டிம் என்ற யானை

அம்போசெலியில் டிம் என்று ஓர் ஆண் யானை இருந்தது. தந்தம் தரையைத் தொடும். அதன் படம் இல்லாத ஆப்பிரிக்கச் சபாரிப் புத்தகம் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பேர் பெற்றது.

படத்தில் பார்த்தால் சாது. இரவானால் பயிரைத் தின்னப் போய்விடும்! தக்காளித் தோட்டம் என்றால் உயிர். 2016ல் காதில் ஈட்டி பாய்ந்த காயத்தோடு வந்தது. வைத்தியம் செய்தார்கள். அதன் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். டிம் வயல் பக்கம் திரும்பினால் காவலர்களுக்குத் தெரிந்துவிடும். ஓடிப் போய்த் திருப்பி விடுவார்கள். தோட்டக்காரனுக்கு நஷ்டம் இல்லை. டிம்முக்கு ஈட்டி இல்லை. 2018ல் சேற்றில் சிக்கியபோது, காவலர்களும் தொண்டு நிறுவனத்தாரும் மணிக் கணக்கில் போராடிக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

2020 பிப்ரவரியில் டிம் செத்தது. வயது 50. குண்டு படவில்லை, ஈட்டி படவில்லை, விஷம் இல்லை. முதுமையில் வந்த சாவு. பெரிய தந்த யானைக்கு இப்படிச் சாவு வாய்ப்பது அபூர்வம்.

உடலை நைரோபி காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். தந்தத்தோடு பாடம் செய்து வைப்பதற்காக.